மூடுமலைக்குப் போகவும் வரவும்

என் தங்க மகளே,

உன் ராஜா கதையை வாசித்து முடித்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சூடுபிடித்துப் பேசத் தொடங்கும்போது நீ "அம்மா, மீட்டிங் வந்துட்டு, வைக்கேன்" என்பாய். எனக்குச் சொல்ல இருப்பதற்கு அந்த நேரம் போதாது. அதனால் துணி வெட்டுகிற மேசையை ஒதுக்கி, கடைக்கதவில் 'மாலை நாலு மணிக்கு மேல்' என்று அட்டையைத் தொங்கவிட்டு, காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் கடைசி அத்தியாயத்தைப் பதிப்பாளருக்கு அனுப்ப வேண்டும் என்றாய். ராஜா நாட்டிலேயே இருப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்று முடிவு வராமல் இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய். "நீ சொல்லும்மா, எது வேணும்னு" என்று கேட்டாய். ஜாக்கெட் தைக்கிறவளிடம் ஒரு நாட்டின் தலைவிதியைக் கேட்கிறாளே என்று அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. கூரியரில் போட்டால் சனிக்கிழமை பெங்களூருக்கு வந்துவிடும்.

போனில் வாசிக்க என் கண்ணுக்கு முடியாது என்று அப்பாதான் வடசேரியில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் முழுவதையும் அச்செடுத்து, சுருள்கம்பி போட்டுக் கொண்டுவந்தார். கடைக்காரப் பெண் "என்ன மாமா, தீசிஸா?" என்று கேட்டாளாம். "இல்ல மக்களே, எம்மவ எழுதுன ராஜா கதை" என்று இவர் சொல்ல, அங்கே நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்களாம். முப்பது வருடம் பஸ் ஓட்டியபோது ஒருநாளும் இல்லாத பெருமை மனிதருக்கு. நான் சும்மா ரெண்டு பக்கம் புரட்டலாம் என்றுதான் எடுத்தேன். எனக்குத் தெரிந்த ராஜாக்கள் எல்லாம் ஞாயிறு பள்ளியில் கேட்டவர்கள். அவர்களில் பாதிப் பேர் உருப்படவில்லை. அதனால் உன் ராஜாவிடமும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா? தபால் ஆபீஸ் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் பட்டு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். தையல் படித்த முதல் வாரத்தில்கூட நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை. அவள் கத்திய கத்துக்கு நீதான் பொறுப்பு.

மூடுமலை நாட்டைப் படித்ததும் எனக்குத் தோவாளைப் பக்கத்து மலைதான் ஞாபகம் வந்தது; அந்த மலையே வளைந்து நாலு பக்கமும் மூடிக்கொண்டால் எப்படியிருக்கும், அப்படி. ஏழு தலைமுறையாக வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வரவில்லை, உள்ளிருந்து ஒருவரும் வெளியே போகவில்லை. அரண்மனைச் சங்கு ஊதினால்தான் பொழுது. எழுத்து படிக்க அரண்மனைக் கணக்கர்களுக்கு மட்டும் உரிமை. அங்கே இருபத்து மூன்று வயதில் ராஜாவாகிறான் உன் நீலன். முடிசூட்டிய அன்றைக்கே, காது வலிக்கிறது என்று கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மனு வாங்கினானே, அங்கேயே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கி, குதிரைகளைச் சிம்மாசன மண்டபத்தில் கட்டினானே, அதைப் படித்துவிட்டு நான் தனியாகக் கைதட்டினேன். ஏழு தலைமுறையில் முதல் ஆளாக வெளியிலிருந்து மலையேறித் தவறி உள்ளே விழுந்த வியாபாரியிடம் உடைந்த கடிகாரத்தை வாங்கி, ரிப்பேர் பண்ணி, கோட்டை வாசலில் மாட்டிவிட்டு, இனி என் பிழைப்பு என்னாகும் என்று அழுத சங்கு ஊதுகிற கிழவனையே அதற்குச் சாவி கொடுக்கிறவனாக வைத்தானே! ஏட்டி, இதெல்லாம் உனக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவிடம் ஓடிப்போய் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் "கொள்ளாம், பய கொள்ளாம்" என்று மெச்சித் தலையாட்டினார். பிறகு "அந்தக் குதிரைக்குப் புல்லு யாரு போடுகா?" என்று கேட்டார். அதையும் எழுதிவிடு.

அப்புறம் அந்தப் பதினேழாம் அத்தியாயம் வந்தது. மூடுமலையில் யார் வீட்டில் அடுப்பு அணைந்தாலும் அரண்மனை அடுப்பிலிருந்துதான் நெருப்பு எடுத்துவர வேண்டும். விடிந்ததும் பெண்கள் சட்டியோடு மைல் கணக்காக நடந்து வந்து வரிசையில் நிற்பார்கள். இது அடிமைத்தனம் என்று நீலனுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். வீட்டுக்கு ஒரு சிக்கிமுக்கிக் கல் வெட்டி எடுக்கச் சொல்லி, எல்லா வீட்டுக்கும் கொடுத்து, ஒரே காலையில் அரண்மனை அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைக்கிறான். வாழ்த்துவார்கள் என்று மாடத்தில் வந்து நிற்கிறான். கீழே ஒருவரும் இல்லை. ஊர் முழுக்கக் கதவு சாத்திக் கிடக்கிறது. ஒரு வீட்டுக் கூரையிலும் புகை இல்லை. மூன்று நாள் நாடே பச்சையாகத் தின்கிறது. அவன் உடைந்துபோய், "இவர்கள் மாறமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, நாட்டைவிட்டு வெளியேறச் சுரங்க வழியைத் தேடுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். போகாதே பையா, போகாதே என்று வாய்விட்டே சொன்னேன். ஏனென்றால் அந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றிய கை யாருடையது என்று எனக்குத் தெரியும். என்னுடையது மக்களே.

நம் தேவாலயச் சபை கமிட்டிக்கு நான் செயலாளராக வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் தரையில் நடக்கவில்லை, அந்தரத்தில்தான் நடந்தேன். வந்ததும் கைவைத்தது அசனத்தில். பண்டிகையின் கடைசி நாள் ஊரே கோயில் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. நீ சின்னதில் என் மடியில் இருந்தே தின்றிருக்கிறாய். ஆனால் பெண்கள் எப்போது சாப்பிட்டோம்? ஆண்கள் மூன்று பந்தி முடித்து, பிள்ளைகள் முடித்து, எல்லாருக்கும் இலையில் விளம்பிக் கைசோர்ந்தபிறகு, ஆறின சோறும் அடிக்குழம்புமாக. சில வருடம் அதுவும் இருக்காது. இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று கிளம்பினேன். சபையில் வீட்டுக்கு எத்தனை தலை என்று எழுதி, தலைக்கு ஒரு டோக்கன், பெண்களுக்கு மஞ்சள் நிறத்தில், முதல் பந்தி முழுவதும் அவர்களுக்கே என்று அச்சடித்து. வாசலில் டோக்கனைக் கொடுத்தால்தான் உள்ளே. ஒருவரிடமும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்குக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு. அன்றைக்குச் சோறு மிஞ்சவில்லை, குறையவில்லை, தள்ளுமுள்ளு இல்லை. உன் நீலன் மாதிரியே நானும் படிக்கட்டில் ஏறி நின்று பார்த்தேன். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு தின்றுவிட்டு எழுந்து போனார்கள். அசனத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தோவாளையிலிருந்து கோயிலுக்குப் பூ கொண்டுவருகிற செல்லையா அண்ணனை உனக்குத் தெரியும். உனக்கு வருடாவருடம் பிச்சிப்பூ தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். அவர் நம் சபை இல்லை. சாமி கும்பிடுவது அவர் ஊர் அம்மன் கோயிலில். ஆனால் பண்டிகைக்குப் பூக்கட்டி முடித்து, அசனத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு வாளி குழம்பும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். அந்த வருடம் வாசலில் டோக்கன் கேட்டிருக்கிறார்கள். "எங்கிட்ட இல்லியே மக்களே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் பத்து நாள் பண்டிகையின் முதல் நாளைக்குப் பூக்கூடை மட்டும் பஸ்ஸில் வந்தது, ஆள் வரவில்லை. பலிபீடத்துக்குப் பூவை அடுக்கும்போதுதான் கூட நின்ற பெண்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அதில் ஒருத்தி இன்னொன்றும் சொன்னாள்: போன வருடம் அப்படித் திரும்பிப் போனது அவர் ஒருவர் இல்லையாம். பழைய அசனத்தில் யாரும் யாரிடமும் நீ யார் என்று கேட்டதில்லை. இலை போட்டால் உட்காரலாம், அவ்வளவுதான் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் நான் மஞ்சள் காகிதத்தால் அடித்துத் துரத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தோவாளைக்குப் போனேன். பூச்சந்தையில் காலையில் நின்று பேசுவதென்றால் தனித் திறமை வேண்டும். தலைக்கு மேல் கூடை போகும், காலுக்கு இடையில் சாக்கு போகும். செவ்வந்திக் குவியலுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். "அண்ணே, ஏன் வரல்ல? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லப்பிடாதா?" என்றேன். என்னவோ அவர்தான் தப்புச் செய்தவர் போல. அவர் சிரித்தார். "கோவம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. டோக்கன் கேட்ட அன்னைக்கி நா விருந்தாளி ஆயிட்டேன். அதுவரைக்கும் நா உங்க ஆளுல்லா" என்றார். அழுகை வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. "பொம்பளையளுக்குச் சூடா சோறு கிடைக்கட்டும்னுதான் அண்ணே செஞ்சேன்" என்றேன். "அது நல்லதுல்லா. அத அந்தப் பொம்பளையள்ட்ட கேட்டுப் பாத்தியா, எப்பிடி வேணும்னு?" என்று கேட்டுவிட்டு, யாருக்கோ பூவை நிறுக்கப் போய்விட்டார்.

கேட்டேன் மகளே. அந்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் பெண்களை முற்றத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். நான் மூன்று வாரம் யோசித்துக் கண்டுபிடிக்காததை அவர்கள் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள். "டோக்கனும் வேண்டாம், மொத பந்தி முழுசும் வேண்டாம். சுவரோரம் ரெண்டு வரிச எங்களுக்கு விடு. ஆம்பளையள் விளம்பட்டும். சூடா இருக்கையில உக்காந்து தின்னா போதும்" என்றார்கள். அவ்வளவுதான். அந்தப் பண்டிகையின் கடைசி நாள் அசனத்திலேயே டோக்கன் போனது, சுவரோரம் இரண்டு வரிசை வந்தது. உன் அப்பா முதல் தடவையாக வாளியும் கரண்டியுமாக வந்து, பாதிரியார் மனைவியின் இலையில் குழம்பை ஊற்றிக் குளமாக்கினார். முற்றம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது, போன முறை அசனம் ஏன் அப்படி அமைதியாக இருந்தது என்று. அது ஒழுங்கு இல்லை, மனத்தாங்கல். செல்லையா அண்ணன் வந்தார். நான் கூப்பிடவில்லை; இந்த முறை டோக்கன் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், வந்து உட்கார்ந்துவிட்டார். பெண்களின் அந்த இரண்டு வரிசை இன்றைக்கும் இருக்கிறது. இப்போது யாருக்கும் அது புதிது இல்லை.

இனி உன் நீலனுக்கு வருகிறேன். அவன் கொடுத்த கல் நல்ல கல். எடுத்துக்கொண்டதுதான் தப்பு. அந்தப் பெண்கள் விடியற்காலையில் நெருப்புக்கு மட்டுமா வந்தார்கள்? நீயே மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய்: வரிசையில் நிற்கும்போதுதான் வடக்குக் கிராமத்துக்காரி தெற்குக் கிராமத்துக்காரியைப் பார்க்கிறாள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள், மாமியாரைத் திட்டுகிறாள், யார் வீட்டில் பிரசவம் என்று கேட்கிறாள். எழுதிவிட்டு நீயே மறந்துவிட்டாயா? புருஷனும் மாமியாரும் இல்லாமல் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வர அந்த நாட்டில் இருந்த ஒரே சாக்கு அந்தச் சட்டிதான். அவன் அதைப் பிடுங்கிவிட்டு நன்றியை எதிர்பார்க்கிறான். அவனைப் போகச் சொல்லாதே. ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு, விடியும்முன் வந்து, அணைந்த அடுப்பின்முன் வரிசையில் முதல் ஆளாக நிற்கச் சொல். யாராவது வரும்வரை நிற்கட்டும். முதல் நாள் யாரும் வரமாட்டார்கள். இரண்டாம் நாள், ராஜா என்ன கூத்தடிக்கிறான் என்று பார்க்க ஒருத்தி வருவாள். அவளிடம் அவன் கேட்கட்டும். என்ன கேட்பான், அவள் என்ன சொல்வாள் என்பது உன் பாடு. நான் அதில் மூக்கை நுழைக்கமாட்டேன். கொஞ்சம் நுழைத்துவிட்டேன்தான்.

இந்த இடத்தோடு கடிதத்தை முடித்து ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் "இவர்கள் மாறமாட்டார்கள்" என்று நீலன் சொன்ன வாக்கியம் என்னை விடவில்லை. "இந்த ஊரு மாறாதும்மா" என்று நீ சொன்னாய். பெங்களூர் ரயிலுக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கு, அந்தக் கதவோரம் நின்று. இலக்கியம் படிக்கப் போகிறேன் என்றவளை பி.காமில் சேர்த்தேன், கதை எழுதினால் சோறு கிடைக்குமா என்று மூன்று வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ ஊர் என்று சொன்னபோது என்னைத்தான் சொன்னாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் "டிபன் டப்பாவ எடுத்தியா?" என்று மட்டும் கேட்டேன். அது என் தப்பு. அதற்குமுன் செய்த இன்னொரு தப்பு நேற்றுத்தான் வெளியே வந்தது.

நான் எப்போதும் புத்தகத்தின் முதல் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கதைக்குப் போய்விடுவேன். அதனால் நீ வரைந்திருந்த மூடுமலை வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. நேற்று மத்தியானம் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "என்னட்டி இது, கிழக்குப் பக்கம் பூரா ஜாக்கெட்டுக் கை வெட்டுன மாதிரி இருக்கு?" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஏறி, இறங்கி, சரிந்து போகிற அந்த வளைவை எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு அளவுக்கு நான் வெட்டுகிற கை அது. கீழே நீ எழுதியிருக்கிறாய்: 'வெட்டுமலை. இதற்கப்பால் உலகம் இல்லை.'

உனக்குப் பதினொரு வயது. கிறிஸ்துமஸ் நெருக்கம், கடையில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. மேசையில் விரித்திருந்த காக்கித்தாளில் நீ என்னவோ கிறுக்கி வைத்திருந்தாய். எனக்கு அவசரமாக ஜாக்கெட் கை அளவுக்கு ஒரு மாதிரித் தாள் தேவைப்பட்டது. எடுத்தேன், வெட்டினேன். நீ வந்து பார்த்தபோது மிச்சத் துண்டைக் கையில் கொடுத்து, "வேற பேப்பரு கிடைக்கல்லியா ஒனக்கு?" என்று சத்தம் போட்டேன். நீ அழவில்லை. அந்தத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாய். அது ஒரு நாடு என்று எனக்குத் தெரியாது மக்களே. மூடுமலை ஏன் ஏழு தலைமுறை தனியாகக் கிடந்தது என்று உன் புத்தகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரியும். என் கத்தரிக்கோல்தான் காரணம். என்னை மன்னித்துவிடு.

ஆனால் கேள், இனிதான் விஷயம். நல்ல மாதிரித் தாளை எந்தத் தையல்காரியும் தூரப் போடமாட்டாள். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிற மாதிரித் தாள் கட்டைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அடியிலிருந்து மூன்றாவது. பதினைந்து வருடமாக அதை வைத்து நான் எத்தனையோ கை வெட்டியிருக்கிறேன். பின்பக்கம் பென்சில் கோடுகள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து வாசித்ததில்லை. நேற்று வாசித்தேன். ஒரு துறைமுகம், மூன்று கப்பல், ஒரு சந்தை, அதில் பூக்கூடையோடு ஒரு ஆள். வெட்டு விழுந்த ஓரத்திலிருந்து ஒரு பாதை புறப்பட்டு வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. இருப்பதா, போவதா என்று நீ இப்போது திணறுகிற கேள்விக்கு, பதினொரு வயதில் நீயே பதில் எழுதி வைத்திருக்கிறாய். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என் சாக்குக்கட்டிக் கோடுகள் மேலே இருக்கும், அதைத் தட்டிவிடு. உன்னிடம் அந்த மிச்சத் துண்டு இன்னும் இருந்தால் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார், என் வெட்டு ஒருநாளும் பிசகாது.

அடுத்த மாதம் அசனம். சுவரோரம் இரண்டாவது வரிசையில் நான் இருப்பேன், அப்பா விளம்புவார். உன்னை வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பாதையின் ஓரத்தில் உன் கோணல் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் ஒருமுறை வாசித்துக்கொள். 'இந்த வழியாகப் போகலாம். இதே வழியாகத் திரும்பியும் வரலாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.'

உன் அம்மா